பேரியாற்றங்கரையில் ஒரு புதிய தாளம்

மட்டாஞ்சேரியிலும் எறணாகுளத்திலும் குடியமர்ந்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆலுவா அயலூர் அன்று. மகா சிவராத்திரி வந்துவிட்டால், நீத்தார்க்கு நீர்க்கடன் ஆற்றும் பொருட்டு அவ்வூர் மணற்கரையில் கூடும் பெருங்கூட்டத்தில் தமிழ்க் குரல்களும் கேட்கும். ஆயினும், அந்த ஓர் இரவை விடுத்து மற்ற நாட்களில் ஆலுவாவை நின்று நிதானமாகக் கண்டவர் நம்முள் சிலரே. அக்குறை தீரும் பொருட்டு, நம் சங்கத்தார் 28 பேர், சிறுவரும் முதியோருமாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்று வந்தோம். சென்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு பாட்டைப் பற்றி எழுந்த வழக்கு அது. ஊரைப் பற்றி முதலில் கூறி, வழக்கைப் பின்னர் விளக்குவோம்.

மட்டாஞ்சேரியில் பேருந்து ஏறித் தோப்பும்படி வழியாக எறணாகுளம் சேர்ந்து, மகாராஜாஸ் கல்லூரி நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறினால், ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவைத் தென்னந்தலைகளுக்கும் மாடி வீடுகளுக்கும் இடையே உயர்ந்த தூண்களின் மீதே கடந்துவிடலாம். 2017-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இப்பாதையின் வடகோடி நிலையம் ஆலுவா. அங்கே இறங்கினால் சந்தையும் கடைத்தெருவும் எந்த ஊரிலும் காண்பவையே. ஆற்றங்கரையை அடைந்த பின்னரே அவ்வூரின் சிறப்பு விளங்கும்.

இந்த ஆற்றைச் சங்கப் புலவர்கள் பேரியாறு என்றனர். இன்று பெரியாறு என்கிறோம். 244 கிலோமீட்டர் நீளமுடைய இது கேரளத்தின் மிக நீண்ட ஆறு. மலையிலே முல்லைப் பெரியாற்று அணையில் தேங்கும் இதன் நீர்தான் 1895 முதல் மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே இறங்கித் தேனி, மதுரை வயல்களை நனைத்து வருகிறது. ஆகவே ஆலுவாப் படித்துறையில் கால் நனைக்கும் மதுரைக்காரர் ஒருவர், தம் ஊர்க் கால்வாயில் ஓடும் நீரின் உடன்பிறப்பையே தொடுகிறார் எனலாம். ஆலுவாவில் இவ்வாறு இரு கிளைகளாகப் பிரிகிறது. 1341-ஆம் ஆண்டில் பெருகிய பெருவெள்ளமே முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சித் துறைமுகத்தைத் திறந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தில் இவ்வூர் வீடுகள் எத்துணையளவு மூழ்கின என்பதை நம்முள் மறந்தவர் இலர். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மணற்கரையின் சிவன் கோயிலை ஆறு தழுவி மூழ்கடிப்பதுண்டு. அதனை இவ்வூர் மக்கள் இறைவனுக்கு நிகழும் ஆறாட்டு என்றே கொண்டாடுகின்றனர்.

தமிழர்க்கு இந்த ஆற்றங்கரை மற்றொரு வகையிலும் நெருக்கமானது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்திலே, சேரன் செங்குட்டுவன் தன் தேவியோடு மலைவளம் காணப் புறப்பட்டுப் பேரியாற்றின் மணற்கரையில் தங்குகிறான். அங்கேதான் மலைவாழ் மக்கள் கண்ணகியின் செய்தியை அவனுக்கு அறிவிக்கின்றனர். அம்மக்கள் வந்து சேருமுன் அவன் செவியில் விழுந்த ஒலிகளை இளங்கோவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் காட்டுகிறார்: மலைமகளிரின் குரவைப் பாட்டு, வேலன் பாடும் பாட்டு, தினை குற்றுவோர் பாடும் வள்ளைப் பாட்டு, புனங்காப்போர் எழுப்பும் கூவல், பறைபோல் முழங்கும் அருவியின் ஓசை. தெய்வப் பாட்டும் தொழிற் பாட்டும் வெற்றோசையும் வேற்றுமையின்றி ஒரே மூச்சில் அங்கே சொல்லப்பெறுகின்றன. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

மணற்கரைக்கு எதிரே, ஆற்றை நோக்கிப் படிகள் இறங்க, அத்வைத ஆசிரமம் அமைந்துள்ளது. ஸ்ரீ நாராயண குரு 1913-ஆம் ஆண்டில் நிறுவியது இது. 1924-ஆம் ஆண்டு சிவராத்திரியை ஒட்டி இங்கே சர்வமத மாநாடு ஒன்று நிகழ்ந்தது. பல சமயத்தாரும் ஒரே மேடையில் அமர்ந்து தத்தம் நெறியை எடுத்துரைத்த அம்மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் தமிழர். சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர். அன்று பந்தல் வாயிலில் எழுதி வைத்த வாசகம் இன்றும் கேரளமெங்கும் நினைக்கப்படுகிறது. வாதிட்டு வெல்வதற்காக அன்று, அறிவதற்கும் அறிவிப்பதற்குமாகவே கூடியுள்ளோம் என்பது அதன் பொருள். எங்கள் கூட்டத்தார் அப்பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி விளக்கினர். அன்று பிற்பகல் எங்களுக்கே அது தேவைப்படும் என்று அவ்வேளையில் யாரும் எண்ணவில்லை.

இனி வழக்கிற்கு வருவோம். நம் சங்கத்துப் பிள்ளைகள் நால்வர், மூன்று இளைஞரும் ஒரு பெண்ணும், வரும் பொங்கல் விழாவில் பாம்பாட்டிச் சித்தர் பாடலைப் பாட விழைவதாக விழாக் குழுவிடம் எழுதிக் கொடுத்தனர். சித்தர் பாடல் என்றதும் குழுவினர் மகிழ்ந்தனர். பின்னிசையாக ராக் கிட்டாரும், ‘டிரம் அண்ட் பேஸ்’ என்னும் மின்னணுத் தாளமும் அமையும் என்று அறிந்ததும் மகிழ்ச்சி குறைந்தது. பெரியவர்கள் மறுத்தனர், பிள்ளைகள் முகம் சுளித்தனர், சில வீடுகளில் இரண்டொரு வாரம் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. கேளாமலே தீர்ப்புச் சொல்வது முறையன்று என்று குழுவின் தாய்மார் எடுத்துரைக்கவே, ஆலுவாவில் யாவரும் அமர்ந்து கேட்டு முடிவு செய்வது என்று உடன்பாடு ஆயிற்று. ஆசிரம வளாகத்தில் அமைதி காப்பது முறை ஆதலின், ஆற்றைக் கடந்து மணற்கரை மரநிழலில் அமர்ந்தோம்.

இந்தப் புதிய தாளத்தின் பிறப்பைப் பிள்ளைகளே முதலில் விளக்கினர். அவர்கள் கூறியதை வாசகர்க்குச் சுருக்கித் தருகிறோம்.

1948-ஆம் ஆண்டில் ‘விண்ட்ரஷ்’ என்னும் கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து மக்கள் இங்கிலாந்தில் வந்து இறங்கினர். அவரைத் தொடர்ந்து ஜமைக்கா முதலிய தீவினர் பல்லாயிரவர் பிழைப்பு நாடிக் குடியேறினர். அவர்கள் தம் தீவின் பாட்டையும், நெஞ்சு அதிர ஒலிக்கும் பாஸ் ஒலியையும், ஆள் உயரப் பெருக்கிப் பெட்டிகளையும் தம்மோடு கொண்டு சென்றனர். அவர்தம் பிள்ளைகளும் அவரோடு பழகிய ஆங்கிலேயப் பிள்ளைகளும் சேர்ந்து, 1990-களின் தொடக்கத்தில், அமெரிக்க இசைத்தட்டுகளில் கேட்ட டிரம்ஸ் துணுக்குகளை வெட்டி ஒட்டி விரைவு கூட்டி, அவற்றின் அடியில் அந்தப் பாஸ் ஒலியைப் பரப்பினர். அதுவே ‘ஜங்கிள்’ என்றும், பின்னர் ‘டிரம் அண்ட் பேஸ்’ என்றும் பெயர் பெற்றது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 170 அடிகள் என்பது அதன் நடை. 1997-ஆம் ஆண்டில் ரோனி சைஸ் என்பாரின் குழு இவ்விசைக்காகவே இங்கிலாந்தின் மெர்க்குரி பரிசைப் பெற்றது.

இதனோடு ராக் இசையைக் கலந்தவர்களுள் நம்மவர்க்கு நெருங்கிய ஒரு குழுவும் உண்டு. 1993-இல் லண்டனில் தோன்றிய ‘ஏஷியன் டப் ஃபவுண்டேஷன்’ என்னும் அக்குழு, பெரும்பாலும் தெற்காசியக் குடியேறிகளின் மக்களால் ஆனது. டிரம் அண்ட் பேஸ் தாளமும் ராக் கிட்டாரும் நம் நாட்டு ஒலிகளும் ஒன்றாய் முழங்கிய அவர்களது ‘ராஃபிஸ் ரிவெஞ்ச்’ என்ற இசைத்தொகுப்பு 1998-இல் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தோன்றி இங்கிலாந்திற்குப் பெயர்ந்த ‘பெண்டுலம்’ என்ற குழு, 2008-இல் ‘இன் சிலிக்கோ’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் அது இரண்டாம் இடம் வரை ஏறிற்று. ஆனால் கேட்டவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். தாளத்தை விட்டுக் கிட்டாரைப் பிடித்துக்கொண்டார்களே என்று பழைய அன்பர் வருந்தினர். இதனால்தான் இந்தத் தாளம் எங்கள் செவிக்கு எட்டிற்று என்று ராக் அன்பர் வரவேற்றனர். கலப்பு எதுவாயினும் இரு பக்கத்திலிருந்தும் குறை கேட்பது அதன் தலைவிதி போலும். கேரளத்தில் தமிழர் என்றும், தமிழகத்தில் மலையாளத்தார் என்றும் பெயர் கேட்டுப் பழகிய நமக்கு இது விளங்காத செய்தி அன்று.

அதே 2008-ஆம் ஆண்டில் கேரளத்திலும் இத்தகைய முயற்சிகள் வெளிவந்தன. இங்கே ராக் என்றால் ஆங்கிலப் பாட்டு என்றே நெடுங்காலம் வழக்கு இருந்தது. 1970-களில் கொச்சியில் தோன்றிய ‘13 ஏ.டி.’ குழு ஆங்கிலத்திலேயே பாடிப் புகழ் பெற்றது. கொச்சியின் ‘மதர்ஜேன்’ குழு தன் ‘மக்தூப்’ தொகுப்பில் கிட்டாரிலே கருநாடக இசையின் கமகங்களைக் கொண்டுவந்தது. பாட்டு அப்போதும் ஆங்கிலமே. 2003-இல் திருவனந்தபுரத்தில் தோன்றிய ‘அவியல்’ குழுவோ மலையாளத்திலேயே பாடத் துணிந்தது. டோனி ஜான், ரெக்ஸ் விஜயன் முதலியோர் அடங்கிய அக்குழு 2008-இல் வெளியிட்ட தொகுப்பிற்கும் ‘அவியல்’ என்பதே பெயர். எட்டுப் பாடல்கள் கொண்ட அதில் கிட்டாரும் டிரம்ஸும் மின்னணு ஒலிகளும் நாட்டுப்புறச் சொற்களும் ஒரே சட்டியில் வெந்தன. அது டிரம் அண்ட் பேஸ் வகையைச் சேர்ந்தது அன்று. எனினும் கலக்கும் துணிவால் உறவுடையது. அவியலின் சுவை அறிந்த நம் வீடுகளுக்கு அப்பெயரின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

அத்தொகுப்பில் ‘ஆடு பாம்பே’ என்றொரு பாட்டு உள்ளது. அதன் சொற்கள் நாராயண குருவின் ‘குண்டலினிப் பாட்டி’லிருந்து எடுத்தவை. ஆற்றின் எதிர்க்கரையில் ஆசிரமம் அமைத்த அதே குருவின் பாட்டு! குரு தமிழ் நன்கறிந்தவர். தமிழரான தைக்காட்டு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர், நாகர்கோவிலை அடுத்த மருத்துவாழ் மலையில் தவமிருந்தவர், திருக்குறளின் சில பகுதிகளையும் ‘ஒழிவிலொடுக்க’த்தையும் மலையாளத்தில் பெயர்த்தவர், தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் இயற்றியவர். பாம்பை விளித்து ஆடச் சொல்லும் அவரது பாட்டைக் கேட்கும் தமிழர் எவர்க்கும் பாம்பாட்டிச் சித்தர் நினைவுக்கு வருவார். நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே வந்தது. மலையாளத்தில் ராக் பாட்டாகக் கேட்டதை, மூலத்தைத் தேடித் தமிழில் பாடினால் என்ன என்று அவர்கள் எண்ணினர். அதுவே அவர்கள் விண்ணப்பத்தின் வரலாறு.

முதலில் அவியல் குழுவின் பாட்டையும், பின்னர்த் தாம் வீட்டில் பதிவு செய்த தமிழ்ப் பாட்டையும் சிறிய பெட்டி ஒன்றின் வழியாக ஒலிக்கச் செய்தனர். கேட்டவர் கருத்துகளை, கூட்டாமலும் குறைக்காமலும் இங்கே தருகிறோம்.

துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் முதலில் பேசினார். “சித்தர் பாம்பு என்றது நாகப்பாம்பை அன்று. முதுகெலும்பின் அடியில் சுருண்டு கிடக்கும் ஆற்றலை எழுப்புவதற்கே அவர் அவ்வாறு விளித்தார். அந்தப் பொருளை உணர அமைதி வேண்டும். நீங்களோ அதனை மேடையில் துள்ளிக் குதிக்கும் பாட்டாக்குகிறீர்கள். கேட்போர் பாம்பாட்டம் பார்த்தோம் என்று போய்விடுவார்கள். பழம்பாட்டைப் புதுப்பிப்பது வேறு, பொருளைத் தொலைப்பது வேறு” என்றார். அவர் சொல்லில் சினம் இல்லை. கவலையே இருந்தது. ஆகவே பிள்ளைகளும் குறுக்கே பேசாமல் கேட்டனர்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, மணமாகி மட்டாஞ்சேரி வந்து 50 ஆண்டுகளுக்கு மேல் வாழும் பாட்டியார் ஒருவர் வேறு விதமாகச் சொன்னார். “எங்கள் ஊர்த் தெருவில் பாம்பாட்டி வந்து மகுடி ஊதுவான், பாம்பைப் பார்த்து ஆடு ஆடு என்று பாடுவான். அந்தத் தெருப்பாட்டைத்தான் சித்தர் எடுத்துக்கொண்டார். தெருவிலிருந்து அவர் எடுத்ததை நீங்கள் மறுபடி தெருவிற்குக் கொண்டு வருகிறீர்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தம்பி, ஒரு சொல்லாவது என் காதில் விழவேண்டாமா? தமிழ்ப் பாட்டு என்று சொன்னதால் தமிழ் என்று தெரிந்துகொண்டேன்” என்றார். யாவரும் சிரித்தோம். பிள்ளைகள் சிரிக்கவில்லை. இதுவே அவர்கள் கேட்டவற்றுள் மிகக் கடுமையான கண்டனமாய் இருந்தது.

கோட்டைக் கொச்சித் தோபிக்கானாவில் துணி வெளுக்கும் தொழில் புரியும் நம் அன்பர் ஒருவர் தம் அனுபவத்தால் ஒன்றைச் சுட்டினார். “கல்லில் துணியை அடிக்கும்போது நாங்கள் தாளம் தவறுவதில்லை. பாட்டும் கூடவே வரும். ஆனால் அடிக்கும் அடிக்கெல்லாம் ஒரு சொல் வைத்தால் மூச்சு நின்றுபோகும். இரண்டு அடிக்கு ஒரு சொல், நான்கு அடிக்கு ஒரு மூச்சு என்று விட்டுப் பாடவேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு விட இடமில்லை” என்றார்.

இதனைக் கேட்டதும், அதுவரை கண்ணை மூடி விரலால் தொடையில் தாளமிட்டுக் கொண்டிருந்த மிருதங்க ஆசிரியர் நிமிர்ந்து அமர்ந்தார். பிள்ளைகள் அவர் பக்கம் திரும்பினர். மறுப்பார் என்றே எதிர்பார்த்தனர். அவரோ, “இது எனக்கு அயலான தாளம் அன்று” என்று தொடங்கினார். “மேலே டிரம்ஸ் இரட்டைக் காலத்தில் ஓடுகிறது. கீழே பாஸ் அதில் பாதி நடையில் நிதானமாகப் போகிறது. 170 மேலே, 85 கீழே. ஒரே நேரத்தில் இரண்டு காலம். நம் கச்சேரியில் பல்லவியைக் காலம் மாற்றிப் பாடுவதில்லையா? இவ்வூர்க் கோயில்களில் பஞ்சாரி மேளம் கேட்டிருப்பீர்கள். 96 அட்சரத்தில் தொடங்கி, 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகக் குறைந்து கொண்டே வந்து உச்சியை எட்டும். படிப்படியாக அவர்கள் ஏறுவதை இந்த இசை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிடுகிறது. ஆகவே தாளத்தில் குற்றமில்லை. குற்றம் எங்கே என்றால், சொற்களை டிரம்ஸின் மேல் ஏற்றியிருக்கிறீர்கள். பாஸின் மேல் இறக்கி வையுங்கள்.”

பிள்ளைகளுள் மூத்தவன், “ஐயா, அப்படிச் செய்தால் விறுவிறுப்புக் குறைந்துவிடாதா?” என்று பணிவோடு வினவினான். ஆசிரியர் விடை கூறாமல், உணவு கொண்டு வந்திருந்த தூக்குப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, வலக்கையால் விரைந்த நடையையும் இடக்கையால் தாழ்ந்த நடையையும் கொட்டத் தொடங்கினார். அந்தப் பெண் முதல் பாட்டை இடக்கை நடையில் பாடினாள். சொற்கள் தனித்தனியே தெளிந்து வந்தன. விறுவிறுப்பும் குறையவில்லை. இரண்டாம் பாட்டில் பாட்டியார் கைகாட்டி நிறுத்தி, ஒரு சொல் பிழைபட்டதைத் திருத்தினார். அவருக்கு அது மனப்பாடம் என்பதை அவர் மகனே அன்றுதான் அறிந்தார்.

பிழை எவ்வாறு வந்தது என்று ஆராய்ந்தபோது, அப்பெண்ணின் தாய் அவள் கையிலிருந்த தாளை வாங்கிக் காட்டினார். பாட்டு முழுவதும் மலையாள எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. நால்வருள் இருவர்க்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்தத் தாயார் சொன்னார்: “இதைப் பார்த்து நான் முதலில் அழுதேன். பிறகு யோசித்தேன். தமிழ் வகுப்பிற்கு வா என்று எத்தனையோ முறை அழைத்தும் வராதவள், இந்தப் பாட்டிற்காகத் தானே வந்து, பாம்பாட்டிச் சித்தர் யார் அம்மா என்று கேட்டாள். எனக்கே சரியாகத் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தேடிப் படித்தோம். அந்தக் கிட்டார் வந்திராவிட்டால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டிற்குள் வந்திராது.”

எங்களை வரவேற்று உடனிருந்த ஆலுவா நண்பர் ஒருவர், மலையாளத்தார், இறுதியில் பேசினார். குருவின் பாட்டை வீட்டில் விளக்கேற்றிப் பாடிய தமக்கு, அதனை முதன்முதல் கிட்டாரோடு கேட்டபோது நெஞ்சு துணுக்குற்றது என்றும், இன்றும் விளக்கின் முன் பழைய முறையில் பாடுவதையே தாம் விரும்புவதாகவும் கூறினார். ஆயினும் தம் மகன் இரண்டையும் பாடுகிறான் என்றும், ஒன்றைக் கற்றதால் மற்றொன்றை அவன் மறந்துவிடவில்லை என்றும் சொன்னார்.

இவ்வளவும் கேட்ட பின்னர், ஓய்வு பெற்ற பெரியவர் மனம் மாறினாரா என்று வாசகர் கேட்கலாம். மாறவில்லை. “என் கருத்து என் கருத்தே. எனினும் நான் தடை சொல்லமாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். யாருடைய பாட்டு, எதைப் பற்றிய பாட்டு என்பதை முதலில் சபைக்குச் சொல்லிவிட்டுப் பாடுங்கள்” என்றார்.

அவரது வேண்டுகோளை அனைவரும் ஏற்றோம். அதன் நியாயத்தை அந்தப் புதிய இசையின் வரலாறே உணர்த்துகிறது. டிரம் அண்ட் பேஸ் இசையில் மிகுதியாக வெட்டி ஒட்டப்பெற்ற டிரம்ஸ் துணுக்கு ஒன்று உண்டு. 1969-இல் அமெரிக்காவின் ‘வின்ஸ்டன்ஸ்’ குழு வெளியிட்ட ‘ஆமென் பிரதர்’ என்னும் பாட்டில், கிரிகரி கோல்மன் என்பவர் சில விநாடிகள் மட்டும் தனித்து வாசித்தது அது. அச்சில விநாடிகள் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளம் ஆயின. 2006-இல் மறைந்த அக்கலைஞருக்கோ அவற்றிலிருந்து உரிமைத் தொகை ஒன்றும் சேரவில்லை. உலகம் ஆடிய தாளத்திற்கு உரியவர் இன்னார் என்பதை, ஆடியவருள் மிகப் பலர் அறியவே இல்லை. சித்தர் தெருவிலிருந்து எடுத்தார். குரு சித்தர் நெறியில் நின்று பாடினார். அவியல் குழுவினர் குருவிடம் பெற்றனர். நம் பிள்ளைகள் அவியலிடமிருந்து சித்தரிடம் மீண்டனர். எடுத்தாள்வது குற்றமாயின் இவ்வரிசையில் குற்றவாளி அல்லாதவர் யார்? எடுத்த இடத்தைச் சொல்லாது விடுவதே குற்றம்.

எனவே விழாக் குழு அம்மணற்கரையிலேயே மூன்று முடிவுகள் செய்தது. பாட்டின் மூலத்தையும் பொருளையும் பிள்ளைகளே தமிழில் முதலில் எடுத்துரைத்தல் வேண்டும். பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தே பாடுதல் வேண்டும். அதற்குரிய பயிற்சியை வாரம் ஒரு நாள் பாட்டியாரும் அத்தாயாரும் அளிப்பர். கடைசிப் பாட்டிற்கு மட்டும் தாளக் கருவிகள் யாவும் ஓய்ந்து, சொல் தனித்து ஒலித்தல் வேண்டும். முதல் இரண்டையும் பிள்ளைகள் உடனே ஒப்பினர். மூன்றாவதைச் சிறிது தயங்கிய பின்னர் ஒப்பினர். குழுவில் இருவர் இன்னும் உடன்படவில்லை என்பதையும் மறையாமல் குறிக்கிறோம்.

நம் கருத்தையும் கூறுதல் கடமை. குடிபெயர்ந்து வாழும் நாம் ஊரிலிருந்து கொண்டு வந்த பாட்டையும் சொல்லையும் பேழையில் வைத்துப் பூட்டிக் காக்கவே பெரிதும் விரும்புகிறோம். அந்த விருப்பம் தவறன்று. அது இல்லாவிடின் பாட்டியாரின் நாவில் அந்தப் பாட்டு 50 ஆண்டுகள் தங்கியிராது. ஆனால் பூட்டிய பேழையைப் பிள்ளைகள் திறவாமல் போனால், அதனுள் இருப்பது நம்மோடு முடியும். மட்டாஞ்சேரியில் பிறந்து, மலையாளத்தில் படித்து, லண்டனிலும் பெர்த்திலும் பிறந்த தாளங்களைக் கேட்டு வளரும் பிள்ளை, தன் காதில் உள்ள தாளத்தின் மேல் அல்லாமல் வேறு எதன்மேல் தன் பாட்டனின் சொல்லை வைக்க இயலும்? சொல் கேட்க வேண்டும், பொருள் தெரிய வேண்டும், பெயர் சொல்லப்பட வேண்டும் என்று நாம் வற்புறுத்தலாம், வற்புறுத்தவும் வேண்டும். தாளத்தை அவர்களிடம் விட்டுவிடுவதே நன்று. பேரியாற்றின் கரையிலே வேலன் பாட்டையும் உலக்கைப் பாட்டையும் அருவியின் ஓசையையும் ஒரே வரிசையில் வைத்துக் காட்டிய புலவரின் மொழி, ஒரு கிட்டாரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஆலுவா செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள். மழைக்காலத்தைத் தவிர்த்தல் நலம். ஆற்றில் நீர் பெருகினால் மணற்கரையில் அமர இடமிராது. கோடையில் காலைப் பொழுதே ஏற்றது. ஆற்றைக் கடக்க நடைப்பாலம் உண்டு. முதியோரும் அமைதியாக நடந்து செல்லலாம். நீரில் இறங்குவோர் பிள்ளைகளைக் கைப்பிடியில் வைத்துக்கொள்க; ஆறு மேலே அமைதியாய்த் தோன்றினும் அடியில் இழுப்பு உடையது. சிவராத்திரியை அடுத்து மணற்கரையில் நடைபெறும் வணிகச் சந்தையும் காணத்தக்கது. ஆசிரமத்தின் உள்ளே உரக்கப் பேசுதல் ஆகாது.

பொங்கல் விழாவில் அப்பாட்டு அரங்கேறும். கேட்கும் அன்பர்கள் தம் கருத்தை, மாறுபட்டதாயினும், சங்கத்திற்கு எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம். பிள்ளைகள் அவற்றைப் படிக்கக் காத்திருக்கின்றனர். கடிதங்கள் தமிழிலேயே இருக்கட்டும். அவர்கள் எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவார்கள்.